அட்டை ஏறாத கால்

மைனி,

போன வாரம் போடியில் ஒரு கிளினிக்கில் என் கணுக்காலில் பட்டை கட்டினார்கள். கையில் கட்டிக் காற்றடித்து பிரஷர் பார்ப்பார்களே, அதே பட்டைதான். இத்தனை வருஷத்தில் அதை யாரும் என் காலில் கட்டிப் பார்த்ததில்லை. பிறகு அந்தப் பெண் டாக்டர் பாதத்தின் மேல் குளிர்ந்த களிம்பு ஒன்றைத் தடவி, பேனா மாதிரி ஒரு கருவியை வைத்து மெல்ல அழுத்தினார். மேசைமேல் இருந்த சின்னப் பெட்டியிலிருந்து சத்தம் வந்தது. உஸ், உஸ் என்று, விட்டு விட்டு. "இது உங்க கால்ல ரத்தம் ஓடுற சத்தம்மா" என்றார்.

என் ரத்தத்தை நான் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டதும் நினைவுக்கு வந்தது நீங்கள்தான். இன்னும் சரியாகச் சொன்னால், உங்கள் இடது கால்.

நீங்கள் எனக்கு ரத்த உறவு இல்லை. உங்கள் வீட்டுக்காரரின் ஊரும் என் அப்பாவின் ஊரும் தென்காசிப் பக்கம் அடுத்தடுத்த ஊர்கள். சூரியநெல்லி மலையில் நான் தேயிலை எஸ்டேட் வேலைக்குப் பேர் பதிந்த முதல் வாரமே நீங்கள் அதைத் துருவிக் கண்டுபிடித்து, "அப்பம் நான் ஒனக்கு மைனி" என்று அண்ணி முறை வைத்துவிட்டீர்கள். அதற்கு முன்பே உங்கள் வீட்டுக்காரர் இறந்திருந்தார். லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் நீங்களும் உங்கள் மகளும், அதற்கு முந்தின வீட்டில் நாங்கள். கொழுந்து எடுக்கும்போதும் பக்கத்துப் பக்கத்து வரிசை. எழுபதுகளில் நான் அதிகம் கேட்ட குரல் உங்களுடையதுதான். என் வீட்டுக்காரருக்குப் பேச்சில் சிக்கனம்.

மழை பிடித்தால் தேயிலைக் காட்டில் அட்டையின் ராஜ்யம். காலில் செருப்பு இல்லாத காலம். புகையிலைத் தூளையும் உப்பையும் துணியில் முடிந்து நனைத்து, முழங்கால் வரை தேய்த்துக்கொண்டு போவோம். காட்டுக்குள் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே மழை அதைக் கழுவிவிடும். மாலையில் லயத்துக்கு வந்து பார்த்தால் விரலிடுக்கிலும் கணுக்காலிலும் ரத்தம் குடித்து உருண்டு கிடக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். உங்கள் வலது காலுக்கும் அப்படித்தான். இடது காலில் மட்டும் ஒன்றுகூட இருக்காது.

முதலில் யார் அதைக் கவனித்துச் சொன்னார்கள் என்று ஞாபகம் இல்லை. சொன்னதும் உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "மலைக்கி நேந்துவிட்ட காலுட்டி இது" என்று சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு எல்லோருக்கும் காட்டுவீர்கள். விளையாட்டாகத் தொடங்கியது போகப் போகப் பாதி நிஜமாகிவிட்டது. புதிதாகப் பேர் பதிந்த பெண்கள் மழை தொடங்கும் நாளில் உங்கள் இடது காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஓடையோரக் காட்டுக்குள் இறங்குவார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவள், தொட மாட்டேன். "ஒங்க ஏசு கோவிச்சுக்கிடுவாரோ" என்று சீண்டுவீர்கள்.

கங்காணிக்கு இது வசதியாகப் போயிற்று. ஓடையோரம் வரிசை பிரிக்கும்போது மற்றவர்கள் முணுமுணுப்பார்கள் என்று முதல் ஆளாக உங்களை இறக்கிவிடுவார். நாள் முழுக்கச் சகதியில் நின்று எடுப்பீர்கள். கொழுந்து எடுப்பதில் நீங்கள் கெட்டிக்காரி இல்லை மைனி. இதைச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள இப்போது நீங்கள் இல்லை என்பதால் சொல்கிறேன். எடை போடும் இடத்தில் உங்கள் கூடை எப்போதும் இளைத்துத்தான் இருக்கும். அந்தக் கால்தான் எஸ்டேட்டில் உங்களுக்குக் கிடைத்த ஒரே பதவி.

காட்டிலிருந்து லயத்துக்கு ஏறி வரும் பாதையில் நீங்கள் அடிக்கடி நிற்பீர்கள். ஒரு திருப்பத்தில் நின்று, போடிமெட்டுப் பக்கம் மேகம் இறங்குகிறது என்பீர்கள். அடுத்த திருப்பத்தில் யாரையாவது நிறுத்தி அவர்கள் மாட்டைப் பற்றி விசாரிப்பீர்கள். லயத்திலேயே மனுஷர்மேல் பிரியம் உள்ளவர் நீங்கள்தான் என்று பேர். எனக்குப் பொறுமை கிடையாது. அடுப்பு பற்றவைக்க வேண்டும், நீங்கள் மேகம் பார்க்கிறீர்களே என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்:

"மேகமும் இல்ல ஒண்ணும் இல்லட்டி. நடந்தா இந்தக் கெண்டக்கால்ல குரக்களி இழுக்கு. செத்த நேரம் நின்னா விட்டுருது. மறுபடி நடந்தா மறுபடி இழுக்கு. யார்ட்டயும் மூச்சு விட்டுராத. மக பேரு ஏறணும்."

எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எஸ்டேட்டில் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடும்பத்தில் வயது நிறைந்த ஒருவர் இருந்தால் அவர் பேரைப் பதிந்துகொண்டு வீட்டை அப்படியே விட்டுவைப்பார்கள். உங்களுக்கு இருந்தது அந்த ஒரே மகள். அவளுக்கு வயது நிறைய இன்னும் ஒரு வருஷத்துக்குமேல் இருந்தது. கீழே ஊரில் நிலமோ வீடோ உங்களுக்குக் கிடையாது. அந்தக் காலின்மேல்தான் அந்த வீடு நின்றது. அன்றிலிருந்து நீங்கள் நிற்கிற திருப்பத்தில் எல்லாம் நானும் நின்று மேகம் பார்க்க ஆரம்பித்தேன்.

உங்கள் உடம்பை இப்போது யோசித்துப் பார்த்தால் எல்லாமே கண்முன்தான் இருந்திருக்கிறது. மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு. வேலைக்கு நடுவே போத்தலில் கொண்டுவந்த பால் விடாத கட்டன் சாயா, சீனி அள்ளிப் போட்டது. அதற்குமேல் அடங்காத தாகம். கையும் காலும் மெலிய, இடுப்பு மட்டும் பருத்துக்கொண்டே வந்தது. வெற்றிலையும் புகையிலையும் வாயை விட்டு இறங்காது. ஈறு வீங்காத மாதம் இல்லை. தாடை ஒரு பக்கம் உப்பிக்கொள்ளும், கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவீர்கள். பல் வேறு, கால் வேறு, தாகம் வேறு என்றுதான் நாம் எல்லோரும் நினைத்தோம். நம்மைவிடப் படித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஒரு தடவை தாடை வீங்கிக் காய்ச்சல் கண்டபோது எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். புதிதாக வந்திருந்த மலையாளி டாக்டர், சின்ன வயசு. பல்லைப் பார்க்கச் சொன்னால் மூத்திரம் கேட்கிறாரே என்று நீங்கள் சிரித்தீர்கள். நீல மருந்தில் அதைச் சொட்டு விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. சீனி நோய் என்றார். சீனியை விடு, புகையிலையை விடு என்றார். மாத்திரையும் கொடுத்தார். வெளியே வந்ததும் நீங்கள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "தொரைமாருக்கு வார சீக்கு எனக்கு எப்படிட்டி வந்துச்சு?" குரலில் வருத்தத்தைவிடப் பெருமிதம்தான் கூட. சீனியை அன்றைக்கே விட்டுவிட்டீர்கள். அதற்குப் பதில் கருப்பட்டி. மாத்திரை சாமிப் படத்துக்குப் பின்னால் போயிற்று.

அடுத்த மழைக்கு இடது பாதம் எப்போதும் ஜில்லென்று இருப்பதாகச் சொன்னீர்கள். சூரியநெல்லிக் குளிரில் யாருக்குத்தான் பாதம் சூடாக இருந்தது? குளிருக்கு நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கணப்பு. வேலை விட்டு வந்ததும் கரிச்சட்டியை இழுத்துப் போட்டு, இடது குதிகாலை அதன் விளிம்பில் வைத்து உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு சாயங்காலம் நான் அரிசி அளந்து வாங்க உள்ளே வந்தேன். தோல் கருகுகிற வாடை. அடுப்பில் கருவாடு என்று நினைத்து எட்டிப் பார்த்தேன், அடுப்பு எரியவே இல்லை. காலை எடுங்கள் என்று நான் கத்தியபோது நீங்கள் நிதானமாக, "இப்பந்தான் கொஞ்சம் இதமா இருக்கு" என்றீர்கள். குதிகால் வெந்து வெளுத்திருந்தது. உங்களுக்கு வலிக்கவே இல்லை. எனக்கு அன்று பயம் வந்தது.

அந்தப் புண் ஆறவில்லை. மஞ்சள், வேப்பெண்ணெய், சுட்ட துணிச் சாம்பல், யார் சொன்னதையும் விடாமல் வைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் எழுதிவிடுவார்கள் என்று மறுத்தீர்கள். மகள் பேர் ஏற இன்னும் சில மாதம்தான். சாக்குத் துணியால் காலைச் சுற்றிக்கொண்டு காலையில் பேர் கொடுக்கும் களத்துக்கு நேராக நடந்து வருவீர்கள். கங்காணி தலை மறைந்ததும் ஒரு பாறையில் உட்கார வைத்துவிடுவோம். வரிசையில் இருந்த பெண்கள் ஆளுக்கு ஒரு கை கொழுந்தை உங்கள் கூடையில் போடுவார்கள். உங்கள் கூடை எடை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியது அந்த மாதங்களில்தான். கங்காணி உங்களைப் பாராட்டக்கூடச் செய்தார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

பிறகு புண்ணில் வாடை வந்தது. விரல் கருத்தது. உங்கள் மகளும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார். ஏன் முன்பே வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தார், இடம் மாற்றி மாற்றி வைத்தார். கணுக்காலுக்குப் பின்னால், முழங்காலுக்குப் பின்னால். புதுப் பெண்கள் தொட்டுக் கும்பிட்ட அதே காலை அவர் தொட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"அம்மே, இவிடெ நாடி கிட்டுன்னில்ல" என்றார். இங்கே நாடி கிடைக்கவில்லையாம். பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார். ரத்தக் குழாய் உள்ளே தடித்து, கெட்டிப்பட்டு, அடைந்துபோயிருக்கிறது. சீனி நோயும் புகையிலையும் சேர்ந்தால் இப்படி ஆகும். இது இன்று நேற்று வந்ததல்ல, பல வருஷமாக நடந்த வேலை. உங்கள் வயதுக்கு இது வரக்கூடாது, இந்தக் குழாய் கிழவியினுடையது மாதிரி இருக்கிறது என்றார். மதுரைக்குப் போக வேண்டும், காலை எடுக்க வேண்டி வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மகள் அழுதாள். நீங்கள் அழவில்லை. காலைக் காட்டி அவரிடம் கேட்டீர்கள்: "அப்பம் ரத்தம் வராமத்தான் அட்டையும் வராம இருந்துருக்கு, அப்படித்தானே?"

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் கதையைச் சொன்னேன். அட்டை சூட்டைத் தேடி ஏறுகிற பிராணி, குளிர்ந்துபோன காலில் அதற்கு என்ன வேலை, இருக்கலாம் என்றார். அப்போது நீங்கள் சிரித்தீர்கள் மைனி. வாய் விட்டுச் சிரித்தீர்கள்.

"நாம கும்பிட்டுக்கிட்டு கெடந்தோம். அட்டைக்கித் தெரிஞ்சிருக்கு."

நாடி எங்கே இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, நானும் அன்று விரலை வைத்துப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அந்தக் காலை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. ஈரச் சுவரைத் தொட்டது போல இருந்தது. ஏதாவது துடிக்காதா என்று எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. டாக்டர்தான் போதும் என்று என் கையை எடுத்துவிட்டார்.

போடிமெட்டு வழியாக ஜீப்பில் உங்களை இறக்கினோம். கொண்டை ஊசித் திருப்பம் ஒவ்வொன்றிலும் நீங்கள் வெளியே பார்த்து மேகம் இறங்குகிறது என்றீர்கள். மதுரையில் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

நீங்கள் அங்கே படுத்திருந்த நாட்களில் இங்கே நடந்ததை உங்களிடம் முழுசாகச் சொன்னதில்லை, எனக்குப் பெருமையடிக்கத் தெரியாது. ஒரு காலை நேரம் வரிசைப் பெண்கள் எல்லோரும் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆபீஸ் வாசலில் போய் நின்றோம். சத்தம் போடவில்லை. உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்ட பெண்களில் ஒருத்திதான் முன்னால் போய்ப் பேசினாள். மேனேஜர் துரை வெளியே வந்து எங்களைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், பறிக்காமல் முற்றிக்கொண்டிருந்த கொழுந்தை நினைத்திருப்பார். வயது நிறையும் வரை மகள் கிரெஷில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், பிறகு பேரைப் பதியலாம், வீடு இருக்கட்டும் என்றார். அவருக்கு இரக்கமா, கணக்கா என்று நான் ஆராயவில்லை. வீடு இருந்தது.

கட்டையை ஊன்றிக்கொண்டு நீங்கள் திரும்பி வந்த பிறகு, மழைக்காலத்தில் ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டீர்கள். வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த வலது காலை ஈரப் புல்லில் வைத்துக்கொண்டு காத்திருப்பீர்கள். அட்டை ஏறினால் எடுக்க விடமாட்டீர்கள். "குடிக்கட்டும்ட்டி, குடிக்க இருக்குல்லா" என்பீர்கள். லயமே உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசியது. நான் பேசவில்லை. நானும் குனிந்து பார்ப்பேன்.

அதற்கடுத்த மழைக்கு ஏறவில்லை. புல்லில் நெளிந்தது, பாதத்தருகே வந்தது, விலகிப் போயிற்று. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தீர்கள். "ஏறுதாட்டி?" என்று கேட்டீர்கள். நான் இல்லை என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள். அந்த மழை விடும் முன்பே, ஒரு மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுளகின்மேலேயே சாய்ந்தீர்கள். காலுக்குப் போகிற குழாயும் நெஞ்சுக்குப் போகிற குழாயும் ஒன்றுதான், ஓர் இடத்தில் மூத்தால் எல்லா இடத்திலும் மூத்துப்போகும் என்று அந்த டாக்டர் சொன்னார். அதற்குள் மகள் பேர் ஏறிவிட்டது.

போடி டாக்டர் போன வாரம் சொன்னதைக் கேட்டால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். மனுஷருக்கு ஒரு வயசு, அவர் ரத்தக்குழாய்க்கு வேறொரு வயசு என்றார். ரத்தத்தில் மிஞ்சுகிற சர்க்கரை, இடுப்பில் சேருகிற கொழுப்பு, பிரஷர், புகையிலை எல்லாம் சேர்ந்து குழாயின் உள்தோலை அரிக்கும். அரித்த இடத்தை ஆற்ற உடம்பு ஆள் அனுப்பும். வெளிக்காயம் என்றால் வீங்கிச் சிவந்து ஆறிவிடும். உள்ளே வீங்குவது ஆறாது, வலிக்கவும் செய்யாது. ஆற்ற வந்த ஆளும் கொழுப்பும் அங்கேயே படிந்து கெட்டியாகி, குழாயை முன்கூட்டியே கிழடாக்கிவிடும். மேலே சாம்பல் பூத்து உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கணப்பு என்று நான் புரிந்துகொண்டேன். அடுத்து அவர் கேட்டார், ஈறு எப்படி இருக்கிறது, அடிக்கடி வீங்குமா என்று. ஈறு வீக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக இப்போது சொல்கிறார்களாம். நீங்கள் கிராம்பைக் கடித்துக்கொண்டு நின்ற முகம் தெரிந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

என் வலது கால் பரவாயில்லை. இடது காலில் ஓட்டம் கொஞ்சம் குறைவு. எனக்கும் சர்க்கரை இருக்கிறது மைனி, பல வருஷமாக. மாத்திரையைச் சாமிக்குப் பின்னால் வைக்காமல் வாயில் போடுகிறேன். நடக்கிறேன். கருப்பட்டி வீட்டில் கிடையாது. தினமும் காலையில் எழுந்ததும் ஜெபத்துக்கு முன்னால் இரண்டு பாதத்திலும் விரலை வைத்து நாடி பார்ப்பேன். அந்தச் சின்ன டாக்டர் உங்கள் காலில் காட்டித் தந்த இடம்தான். அது இல்லாத காலில்தான் நான் அதைப் படித்தேன்.

நேற்று போடிமெட்டு வழியாகப் பஸ் ஏறி மேலே வந்தேன். இந்த மழையில் எதற்கு என்று மகன் திட்டினான். அதே லயம், அதே கடைசி வீடு. உங்கள் மகள் ஓய்வு பெற்றுவிட்டாள்; இப்போது உங்கள் பேத்தியின் பேரில் வீடு இருக்கிறது. வாசலில் ஒரு நாற்காலி போடச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் ஈரப் புல்லில் வைத்தேன். உப்பு முடிச்சோடு வந்த உங்கள் மகள் என் காலைப் பார்த்தாள். முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வலது காலில் சீக்கிரமே ஒன்று ஏறியது. இடது காலுக்கு நேரமாயிற்று. சாயா வந்து ஆறிப்போயிற்று, பேத்தி வேலை விட்டு வந்து உள்ளே போனாள், நாங்கள் இருவரும் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு இத்தனை வயசுக்குப் பிறகும் சாவதற்குப் பயமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒன்று புல் நுனியிலிருந்து நீண்டு, தேடி, இடது கணுக்காலுக்குக் கீழே பற்றிக்கொண்டது.

"ஏறிருச்சு" என்றாள் உங்கள் மகள். முடிச்சை நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன்.

குடிக்கட்டும் மைனி. குடிக்க இருக்கிறது.